பரணில் கிடைத்த கணினியை விற்கலாமா? முதலில் அதில் ஒரு ‘ட’ எழுதுங்கள்

கீழக்கரையிலிருந்து ஒரு தம்பி கேட்டிருந்தார். அவருடைய வாப்பா 80களின் கடைசியில் குவைத்திலிருந்து ஊர் வரும்போது கொண்டு வந்த ‘சக்ர்’ கணினி, பழைய வீட்டை இடிக்கிற நேரத்தில் பரணிலிருந்து இறங்கியிருக்கிறது. கீபோர்டு சாவிகளில் ஆங்கிலத்தோடு அரபி எழுத்தும் இருக்கிறது, மேலே கேட்ரிஜ் செருகும் வாய், கூடவே நாலைந்து ஆடியோ கேசட். அவர் கம்ப்யூட்டர் சயின்ஸ் இரண்டாம் ஆண்டு படிக்கிறார். படத்தைப் பார்த்தவுடனே ஒருவர் விலை கேட்கிறாராம். கேள்விகள் மூன்று. விற்றுவிடலாமா? இன்றைய மென்பொருள் வேலைக்கு உதவுகிற மாதிரி இதில் கற்க ஏதாவது இருக்கிறதா? அப்புறம், லேப்டாப்பில் எமுலேட்டர் (பழைய மெஷினைப் போலவே நடிக்கும் மென்பொருள்) போட்டுப் பார்த்தபோது 64 கேபி உள்ள மெஷின் ஏன் 28815 பைட்தான் மிச்சம் என்று காட்டுகிறது?

தம்பி, மூன்றாவது கேள்வியைக் கேட்கத் தோன்றிய ஆள் இதை விற்கக் கூடாது. செமஸ்டர் ஃபீஸ் கட்ட வேறு வழியே இல்லையென்றால் தாராளமாக விற்றுக்கொள்ளுங்கள், அதில் தப்பே இல்லை. அந்த அவசரம் இல்லையென்றால் ஒரு ஆறு மாதம் கையில் வைத்துக்கொள்ளுங்கள். நான் ராமேஸ்வரம் பக்கத்து மண்டபத்தில் இருக்கிறேன், பதினைந்து வருடம் சென்னையில் புரோகிராம் எழுதிவிட்டுத் திரும்பி வந்தவன், இந்த மாதிரிப் பழைய மெஷின்களைத் திறந்து துடைத்து ஓட வைப்பது என் மாலை நேர வேலை. என்னிடமும் ஒரு சக்ர் இருக்கிறது, தொண்டிப் பக்கம் ஒரு வீட்டிலிருந்து வாங்கியது. அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் இது என்ன என்று பார்த்துவிடுவோம். 1983-இல் மைக்ரோசாஃப்டும் ஜப்பானின் ஆஸ்கி நிறுவனமும் சேர்ந்து, அங்கே கசுஹிக்கோ நிஷி முன்னின்று, எம்எஸ்எக்ஸ் என்று ஒரு பொது அமைப்பை அறிவித்தார்கள். யார் தயாரித்தாலும் உள்ளே ஒரே மாதிரி இருக்க வேண்டும்: ஸட்80 பிராசசர், அதே வகைத் திரைச் சிப், அதே ஒலிச் சிப், புரோகிராம் எழுத அதே பேசிக் மொழி. சோனி, பானாசோனிக், பிலிப்ஸ் என்று பலர் செய்தார்கள். குவைத்தில் முகம்மது அல்-ஷாரிக் நடத்திய அல் அலமியா நிறுவனம் இதில் அரபி எழுத்தைச் சேர்த்து ‘சக்ர்’ என்ற பெயரில் வளைகுடா முழுக்க விற்றது. உங்கள் பெட்டியின் அடியில் ஏஎக்ஸ் என்று தொடங்கும் ஒரு எண் இருக்கும். ஏஎக்ஸ் 170 என்றால் முதல் தலைமுறை எம்எஸ்எக்ஸ். 370 என்றால் எம்எஸ்எக்ஸ்2, திரைக்கு இன்னும் கூடுதல் வசதி. 990 என்றால் எம்எஸ்எக்ஸோடு சேகா மெகா டிரைவ் கேம் கன்சோலும் ஒரே பெட்டிக்குள் இருக்கும், அந்த மாடலாக இருந்தால் விலை கேட்டவர் ஏன் அவசரப்படுகிறார் என்று உங்களுக்கே புரிந்துவிடும்.

இன்னும் சுவிட்ச் போடவில்லைதானே? போடாதீர்கள். நான் கெஞ்சிக் கேட்டுக்கொள்வது இந்த ஒன்றைத்தான். நம் கரையில் முப்பது வருடம் கிடந்த பொருள் அது. மதுரையில் பரணில் கிடந்ததும் கீழக்கரையில் பரணில் கிடந்ததும் ஒன்றல்ல. கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் ஜன்னல் கம்பியைத் தொட்டுப் பார்த்தால் பிசுபிசுவென்று இருக்குமே, அந்த உப்பு பெட்டிக்குள்ளேயும் போயிருக்கும். உப்பு காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துப் பிடித்து வைத்துக்கொள்ளும், ஈரமும் உப்பும் செம்போடு சேர்ந்தால் பச்சை பூக்கும், அந்தப் பச்சை இரண்டு கம்பித் தடங்களுக்கு நடுவே பாலம் போட்ட நிலையில் நீங்கள் கரண்ட் கொடுத்தால் சிப் போய்விடும். என் மெஷினில் நான் அவசரப்பட்டதால் மெமரிச் சிப் ஒன்று அப்படித்தான் போனது, மாற்று கிடைக்க நான்கு மாதம் ஆனது.

பெட்டியின் பின்னால் ஒட்டியிருக்கும் தகட்டில் எத்தனை வோல்ட் என்று படியுங்கள். வளைகுடாவிலேயே எல்லா ஊரிலும் ஒரே வோல்டேஜ் இருந்ததில்லை, 110 என்று போட்டிருந்தால் நம் 230-இல் நேராகச் செருகினால் அவ்வளவுதான். அப்புறம் திறங்கள். பல்லி முட்டை, கரப்பான் எச்சம் எல்லாம் இருக்கும், மென்மையான பிரஷ்ஷால் தட்டிவிடுங்கள். பச்சை பூத்த இடங்களையும் கேட்ரிஜ் செருகும் வாயின் தகடுகளையும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்டுத் துடையுங்கள், தண்ணீர் வேண்டாம். மின்சாரப் பகுதியில் உருளையாக நிற்கும் கெப்பாசிட்டர்களின் தலை உப்பியிருந்தாலோ அடியில் கசிந்திருந்தாலோ மாற்றிவிடுங்கள். ஒரு எச்சரிக்கை, மெயின்ஸ் வயர் நேரே பெட்டிக்குள்ளேயே போகிறது என்றால் அந்தப் பகுதியைத் தனியாகத் தொட வேண்டாம், டிவி ரிப்பேர் தெரிந்த ஒருவரை பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். வேலை முடிந்த பிறகு மறுபடி பரணில் ஏற்றாதீர்கள், மூடி இறுக்கமாக இருக்கும் பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வையுங்கள், வாடைக்காற்றும் மழையும் வருகிற மாதங்களில் பொட்டலத்தை மாற்றுங்கள். பெட்டி மஞ்சளாகியிருந்தால் இருக்கட்டும். வெளுக்க வைக்கிறேன் என்று பெராக்சைடு தடவி மொட்டைமாடி வெயிலில் காய வைப்பவர்கள் உண்டு, எனக்கு அதில் விருப்பமில்லை.

கேசட்டுகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அவற்றில் விளையாட்டு மட்டும்தான் இருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள், உங்கள் வாப்பா தன் கையால் எழுதிய புரோகிராம் இருக்கலாம். எம்எஸ்எக்ஸ் கேசட்டில் தரவைச் சத்தமாகத்தான் எழுதும்: 0 என்றால் 1200 ஹெர்ட்ஸில் ஒரு அலை, 1 என்றால் 2400 ஹெர்ட்ஸில் இரண்டு அலை. சாதாரண வேகத்தில் 16 கேபி ஏற இரண்டரை நிமிடம் ஆகும். இலங்கை வானொலியில் பாட்டு ரெக்கார்ட் பண்ணிய அதே டேப் ரெக்கார்டர்தான் இதற்கும் ஹார்ட் டிஸ்க். நாடாவில் வெள்ளையாகப் பூஞ்சை தெரிந்தால் ஓட விடாதீர்கள், முதலில் சுத்தம் செய்ய வேண்டும். நன்றாக இருந்தால், நல்ல டெக்கில் போட்டு லேப்டாப்பில் வேவ் கோப்பாகப் பதிவு செய்துவிடுங்கள், அது முடிகிற வரை கணினியில் ஏற்றிப் பார்க்கும் ஆசையைத் தள்ளி வையுங்கள். நாடா அறுந்தால் போனது போனதுதான். கோப்பு கையில் இருந்தால் பிறகு மொபைலின் ஹெட்போன் துளையிலிருந்தே சத்தத்தை மெஷினுக்குள் அனுப்பலாம், நான் அப்படித்தான் செய்கிறேன்.

சரி, 28815-க்கு வருவோம்.

ஸட்80-க்கு 16 முகவரிக் கம்பிகள். அதனால் அது ஒரே நேரத்தில் பார்க்கக்கூடிய இடம் 65536 பைட், அதாவது 64 கேபி. எழுதி அழிக்கக்கூடிய ரேமும், மாற்ற முடியாதபடி எழுதி வைத்த ரோமும் எல்லாமே அந்த 65536-க்குள்தான் நிற்க வேண்டும். எம்எஸ்எக்ஸ் இதை 16 கேபி கொண்ட நான்கு ஜன்னல்களாகப் பிரிக்கிறது. ஒவ்வொரு ஜன்னலுக்குப் பின்னாலும் எந்தப் பலகை தெரிய வேண்டும் என்று புரோகிராம் மாற்றிக்கொள்ளலாம், ரோமா, ரேமா, கேட்ரிஜா என்று. சுவிட்ச் போட்டவுடன் முதல் இரண்டு ஜன்னல்களில் பயாஸும் (மெஷினின் அடிப்படை வேலைகளுக்கான புரோகிராம்) பேசிக்கும் உள்ள ரோம் உட்கார்ந்துவிடுகிறது. மீதி இரண்டு ஜன்னலில் ரேம், 32768 பைட். அதில் 3953 பைட்டை பேசிக் தன் சொந்தக் கணக்குவழக்குக்கு எடுத்துக்கொள்கிறது. கழித்துப் பாருங்கள், 28815. மிச்ச 32 கேபி ரேம் எங்கும் போகவில்லை, ரோமுக்குப் பின்னால் மறைந்து நிற்கிறது, மெஷின் மொழியில் எழுதினால் ஜன்னலைத் திருப்பி அதையும் எடுத்துக்கொள்ளலாம்.

இப்போது இந்தப் பதிலை இன்னொரு தடவை படித்துப் பாருங்கள். ஒரு எண் ஏன் அப்படி இருக்கிறது என்று கேட்டீர்கள், கடைசி பைட் வரை கணக்கு வந்துவிட்டது. உங்கள் லேப்டாப்பில் 8 ஜிபியில் 5.1 ஜிபி செலவாகியிருக்கிறது என்று காட்டும்போது, அந்த 5.1-க்குக் கடைசி பைட் வரை கணக்குச் சொல்லக்கூடிய ஒரு ஆளை நான் பார்த்ததில்லை. அந்த மென்பொருளை எழுதியவர்களாலும் முடியாது, அவ்வளவு அடுக்குகள். பழைய கணினியை நான் கொண்டாடுவதற்கு இது ஒன்றுதான் காரணம்: முழு மெஷினும் ஒரு மனிதனின் தலைக்குள் அடங்கும். ஒரே ஒரு தடவை அப்படி ஒரு மெஷினை முழுசாகத் தலைக்குள் வைத்திருந்தவனுக்கு, பிறகு எவ்வளவு பெரிய மெஷினைக் கொடுத்தாலும், இது எங்கோ ஓரிடத்தில் எண்ணாகத்தான் இருக்கிறது, தோண்டினால் கிடைக்கும் என்ற தைரியம் வந்துவிடும்.

அந்தத் தைரியம் எனக்கு வந்தது எம்எஸ்எக்ஸில் அல்ல, பிபிசி மைக்ரோவில். 1984-இல் மத்திய அரசு பள்ளிகளுக்காக ‘கிளாஸ்’ என்று ஒரு கணினித் திட்டம் தொடங்கியது, அதில் கொடுத்தது பிரிட்டனின் ஏக்கான் கம்பெனி செய்த பிபிசி மைக்ரோ. நான் மதுரையில் விடுதியில் தங்கிப் படித்த பள்ளியில் அது இருந்தது. செருப்பை வாசலில் விட்டுவிட்டு ஏசி அறைக்குள் போனால் வாரத்துக்கு இருபது நிமிடம், ஒரு மெஷினுக்கு மூன்று பேர். வீட்டுக்கு வந்தபிறகு தங்கச்சிமடத்தில் நோட்டில் புரோகிராம் எழுதி, பென்சிலால் ஒவ்வொரு வரியாக ஓட்டிப் பார்ப்பேன், மாறிகளின் மதிப்பைப் பக்கத்தில் எழுதி அடித்து எழுதி அடித்து. மெஷின் கையில் இல்லாமல் தலையில் மெஷினை ஓட்டிய அந்தப் பழக்கம்தான் இன்றுவரை எனக்குச் சோறு போட்டது. அதே ஏக்கானில் சோஃபி வில்சனும் ஸ்டீவ் ஃபர்பரும் பிறகு வடிவமைத்த சிப்தான் ஆர்ம். முதல் ஆர்ம் சிப் ஓடியது 1985 ஏப்ரல் 26. உங்கள் சட்டைப்பையில் இருக்கும் மொபைல் அந்தக் குடும்பத்துப் பிள்ளை.

இப்போது சொல்கிற வேலையைச் செய்துவிட்டுத்தான் விற்பதா வேண்டாமா என்று முடிவெடுக்க வேண்டும். மெஷினில் ‘ட’ எழுதுங்கள்.

பேசிக்கில் ‘ஸ்கிரீன் 1’ என்ற கட்டளை கொடுத்தால், திரை குறுக்கே 32, நெடுக்கே 24 என்று கட்டங்களாகிவிடும். ஒவ்வொரு கட்டமும் 8 புள்ளி அகலம், 8 புள்ளி உயரம். ஒரு எழுத்தின் உருவம் எட்டு பைட், வரிசைக்கு ஒரு பைட், பைட்டின் எட்டு பிட்டில் எது 1 என்று இருக்கிறதோ அங்கே புள்ளி எரியும். இந்த உருவங்கள் திரை நினைவகத்தின் தொடக்கத்தில் வரிசையாக இருக்கின்றன. ஆங்கிலத்தின் பெரிய ஏ எழுத்தின் எண் 65, எட்டால் பெருக்கினால் 520. ஆக 520 முதல் 527 வரை உள்ள எட்டு இடங்கள்தான் ஏ. ‘விபோக்’ கட்டளையால் அந்த இடங்களில் 128, 128, 128, 128, 128, 128, 254, 0 என்று போடுங்கள். 128 என்பது இடது ஓரத்தில் ஒரே ஒரு புள்ளி, ஆறு தடவை போட்டால் நெட்டுக்கோடு. 254 என்பது ஏழு புள்ளி சேர்ந்த படுக்கைக்கோடு. ட வந்துவிட்டது.

எண்களைப் போட்டு முடிப்பதற்குள், திரையில் ஏற்கெனவே இருக்கிற அத்தனை ஏ-யும் ஒன்றாக ட ஆக மாறும். முதல் தடவை பார்க்கும்போது உடம்பு சிலிர்க்கும், எனக்குச் சிலிர்த்தது. உங்கள் புரோகிராமை ‘லிஸ்ட்’ கொடுத்துப் பார்த்தால் அதிலும் ஏ இருந்த இடமெல்லாம் ட நிற்கும், ஏனென்றால் திரையில் எழுத்து இல்லை, எழுத்தின் எண் மட்டும்தான் இருக்கிறது, உருவம் வேறு இடத்தில் இருக்கிறது. சுட்டியும் (பாயிண்டர்) தரவும் வேறு வேறு என்று வகுப்பில் மூன்று வாரம் நடத்துவார்கள், இங்கே மூன்று நொடியில் கண்ணுக்குத் தெரிகிறது. பழையபடி ஆக வேண்டுமென்றால் மறுபடி ‘ஸ்கிரீன் 1’ கொடுத்தால் போதும், ரோமிலிருந்து ஆங்கில உருவங்களை எடுத்து நிரப்பிக்கொள்ளும்.

அடுத்து ப எழுதுங்கள். டவுக்கு வலது பக்கம் ஒரு நெட்டுக்கோடு, அந்தப் புள்ளியின் மதிப்பு 2. எனவே 128 எல்லாம் 130 ஆகும், 254 அப்படியே இருக்கும். ட, ப இரண்டுக்கும் உள்ள உறவு ஆறு தடவை 2 கூட்டுவது, அவ்வளவுதான்.

இங்கிருந்து நிஜமான கணக்கு தொடங்குகிறது. தமிழுக்கு 247 எழுத்து, மெஷினில் 256 இடம். ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு இடம் கொடுத்தால் மிச்சம் 9, பத்து இலக்கங்களுக்கே போதாது. அப்படிச் செய்யக் கூடாது என்று உடனே தெரிகிறது. யோசித்தால், கா என்பது கவும் காலும். கை, கெ, கே எல்லாம் க-வுக்கு முன்னால் ஒரு குறி. கொ, கோ இரண்டும் இந்தக் குறிகளின் சேர்க்கை. ஆனால் கி, கீ, கு, கூ அப்படிப் பிரியாது. கு, சு, டு, மு நாலையும் எழுதிப் பாருங்கள், உகரம் ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு மாதிரி. ஆக 18 மெய்யெழுத்துக்கும் ஆறு வடிவம்: க, க், கி, கீ, கு, கூ. பெருக்கினால் 108. உயிர் 12, ஆய்தம் 1, ஒட்டுக்குறிகள் நான்கு. மொத்தம் 125. ஜ, ஷ, ஸ, ஹ நாலுக்கும் 24 சேர்த்தாலும் 149. எண்களுக்கும் நிறுத்தற்குறிகளுக்கும் தாராளமாக இடம் கிடைக்கிறது. எல்லா மொழிக்கும் பொதுவான யூனிகோடு குறியீடு பரவலாவதற்கு முன்னால் இணையத்தில் தமிழ் எழுதப் பயன்பட்ட டிஸ்கி குறியீட்டுக்குப் பின்னாலும் இதே மாதிரிச் சிந்தனைதான், எட்டு பிட்டுக்குள் உருவங்களைச் சிக்கனமாக அடுக்கியது. அதில் கெ எழுத முதலில் கொம்பு, பிறகு க. தட்டச்சு தெரிந்தவர்களுக்கு அது இயல்பு. யூனிகோடில் க முதலில், கொம்பு பிறகு, திரையில் வரையும்போதுதான் இடம் மாறுகிறது. உங்கள் புரோகிராமில் எந்த வரிசையை எடுத்துக்கொள்ளப் போகிறீர்கள்? முடிவெடுத்த பிறகு ஒரு சொல்லைத் தலைகீழாகத் திருப்பும் புரோகிராம் எழுதிப் பாருங்கள், இரண்டு வரிசைக்கும் என்ன வித்தியாசம் என்று கை சொல்லிக் கொடுக்கும்.

உங்கள் மெஷினுக்கு இன்னொரு விசேஷம் இருக்கிறது, உங்கள் ஊருக்காகவே வைத்த மாதிரி. அதில் அரபி எழுத்து ரோமிலேயே இருக்கிறது, சொல்லில் நிற்கும் இடத்தைப் பொறுத்து உருவம் மாறுகிற, வலமிருந்து இடமாகப் போகிற எழுத்தை இதே எட்டு புள்ளிக் கட்டத்துக்குள் ஒருவர் உட்கார்ந்து அடக்கியிருக்கிறார். கீழக்கரை அரபுத்தமிழ் விளைந்த ஊர், மாப்பிள்ளை லெப்பை ஆலிம் வாழ்ந்த ஊர். தமிழை அரபி எழுத்தில் எழுத ட, ண, ள, ழ, ங, ஞ போன்ற ஒலிகளுக்கு அரபி எழுத்திலேயே புள்ளியும் குறியும் கூட்டிப் புது எழுத்து உண்டாக்கினார்கள் இல்லையா. அந்தக் கூட்டுப் புள்ளி உங்கள் மெஷினில் ஒரு பைட்டில் ஒரு பிட். உங்கள் வீட்டில் பெரியவர்களிடம் அரபுத்தமிழில் அச்சடித்த பழைய கிதாபு இருந்தால் எடுத்து வைத்துக்கொண்டு, அந்தக் கூடுதல் எழுத்துகளை மட்டும் காலி இடங்களில் வரைந்து, ஒரு பக்கத்தைத் திரையில் கொண்டு வாருங்கள். இப்படி ஒன்றை யாரும் செய்து நான் பார்த்ததில்லை. நீங்கள் செய்தால் நான் பஸ் ஏறி வந்து பார்ப்பேன்.

விளையாட்டுகள் எதற்கு என்று கேட்டால், மேலே சொன்ன பாடத்தையே விளையாட்டு எழுதியவர்கள் மெமரிப் பஞ்சத்தில் கற்றார்கள். நம் பக்கத்தில் எம்எஸ்எக்ஸைப் பார்த்தவர்கள் குறைவு, டிவி கேம் ஆடியவர்கள் ஏராளம். 90களில் ராமநாதபுரம் அரண்மனைப் பக்கம் மணிக்கு இவ்வளவு என்று காசு வாங்கி ஆட விடுவார்கள், நிண்டெண்டோவின் மெஷினைப் பார்த்துச் செய்த நகல் பெட்டிகள்தான் அவை. கான்ட்ரா விளையாட்டில் குண்டு நிறையப் பறக்கும்போது ஆள் மின்னி மின்னி மறைவானே, நாங்கள் கேட்ரிஜை எடுத்து ஊதிவிட்டு மறுபடி செருகுவோம். அது கேட்ரிஜின் தூசி இல்லை. அந்தச் சிப் ஒரு கிடைக்கோட்டில் எட்டு ஸ்பிரைட்டுக்கு, அதாவது நகரும் சின்ன உருவங்களுக்கு, மேல் வரையாது, ஒன்பதாவது காணாமல் போகும். எப்போதும் ஒரே பொருள் காணாமல் போகக் கூடாது என்பதற்காக, புரோகிராம் எழுதியவர் ஒவ்வொரு காட்சிக்கும் வரிசையை மாற்றிவிடுவார், அதனால் எல்லாமே கொஞ்சம் கொஞ்சம் மின்னும், எதுவும் முழுதாக மறையாது. உங்கள் முதல் தலைமுறை எம்எஸ்எக்ஸில் இந்த எண்ணிக்கை இன்னும் குறைவு, ஒரு கோட்டில் நான்கு.

1985-இல் வந்த சூப்பர் மாரியோ முழு விளையாட்டும் 40 கேபி. மேகமும் புதரும் ஒரே உருவம்தான், நிறம் மட்டும் வேறு. போய்ப் பாருங்கள். உங்கள் மொபைலில் எடுத்த 2 எம்பி புகைப்படம் ஒன்றின் இடத்தில் ஐம்பது மாரியோ அடங்கும். ஹிடியோ கோஜிமா 1987-இல் எம்எஸ்எக்ஸ்2-க்கு ‘மெட்டல் கியர்’ செய்தபோது போர் விளையாட்டுதான் கேட்டிருந்தார்கள், ஆனால் திரையில் எதிரிகளும் குண்டுகளும் கூடினால் மெஷின் தாங்கவில்லை, அதனால் சண்டையைத் தவிர்த்து ஒளிந்து ஒளிந்து போகிற விளையாட்டாக மாற்றினார். அதிலிருந்து ஒரு விளையாட்டு வகையே பெரிதாக வளர்ந்தது.

இதையெல்லாம் சொல்லும்போது, அந்தக் காலத்தில் எல்லோரும் சிக்கனமாக எழுதினார்கள், இப்போதுள்ளவர்கள் மெமரியை வீணடிக்கிறார்கள் என்று சிலர் பேசுவார்கள். நான் அந்தப் பேச்சுக்கு எதிரி. என் அம்மா பாம்பனில் உட்கார்ந்துகொண்டு மொபைலில் தமிழில் செய்தி படிக்கிறார், எழுத்தைப் பெரிதாக்கிக்கொள்கிறார், வேண்டுமென்றால் அது வாசித்தும் காட்டுகிறது. கு என்ற ஒரு எழுத்துக்கு யூனிகோடில் வழக்கமாக ஆறு பைட், எழுத்துருக் கோப்பு தனியாக, கொம்பை முன்னால் நகர்த்திப் போடும் மென்பொருள் தனியாக. 28815 பைட்டில் இதைச் செய்ய முடியாது. அந்த மெமரி வீணாகவில்லை, அம்மா படிக்கிறார். என் கோபமெல்லாம், என்ன வாங்குகிறோம் என்று தெரியாமல் செலவு செய்வதில்தான். ஒரு பொத்தானுக்காக மற்றவர்கள் எழுதி வைத்த முந்நூறு பேக்கேஜ் இறக்கும் புரோகிராமைப் பார்க்கும்போது, அந்த முந்நூறில் எது எதற்கு என்று எழுதியவரைக் கேட்டால் பதில் வர வேண்டும்.

எம்எஸ்எக்ஸில் இதைவிட ஆழமான பாடம் ஒன்று உண்டு, மென்பொருள் வேலைக்குப் போகிற உங்களுக்கு இது நேரடியாக உதவும். பல கம்பெனிகள் செய்கிற மெஷின் என்பதால், திரைச் சிப்போடு பேச வேண்டுமென்றால் ரோமிலுள்ள பயாஸ் வழியாகப் போங்கள் என்றது விதி. நேரே பேசியே ஆக வேண்டுமென்றால் ரோமின் 6, 7 ஆகிய முகவரிகளைப் படித்து, சிப் எந்த போர்ட்டில் (பிராசசர் அதோடு பேசும் வாசல் எண்) இருக்கிறது என்று தெரிந்துகொண்டு பேசுங்கள் என்றது. நிறையப் பேர் படிக்கவில்லை, எல்லா மெஷினிலும் ஒரே எண்தானே என்று நேராக எழுதிவிட்டார்கள். வேகம் கிடைத்தது. அப்புறம் யாராவது வேறு போர்ட்டில் சிப்பை வைத்தால் அத்தனை விளையாட்டும் நின்றுபோகும், அதனால் யாராலும் மாற்ற முடியாமல் போனது. விதியில் எழுதியது ஒன்று, நடைமுறையில் உறைந்துபோனது வேறு. நான் சென்னையில் வேலை பார்த்த இடங்களில் இதே கதையை நான்கு தடவையாவது பார்த்தேன், நீங்களும் வேலைக்குப் போன முதல் வருடத்திலேயே பார்ப்பீர்கள்.

இந்தச் சிறிய மெமரிக் கணக்கு இன்று எங்கேயும் வராது என்று நினைக்காதீர்கள். ஸட்80 1976-இல் வந்தது, அதைச் செய்த ஸைலாக் கம்பெனி தனிச் சிப்பாக விற்பதை நிறுத்துகிறோம் என்று அறிவித்தது 2024-இல். அவ்வளவு காலம் யாரோ வாங்கிக்கொண்டே இருந்தார்கள். போன வருடம் இங்கே தென்கடலில் தொழிலுக்குப் போகும் ஒரு நாட்டுப்படகுக்காரருக்கு, படகின் அடியில் தண்ணீர் ஏறினால் கத்துகிற பெட்டி ஒன்று செய்து கொடுத்தேன். ஆர்டுயினோ உனோ என்ற சின்னக் கட்டுப்பாட்டுப் பலகை, அதில் ரேம் 2 கேபி, நிண்டெண்டோ மெஷினுக்கு இருந்த அதே அளவு. மேஜையில் நன்றாக ஓடியது, படகில் இரண்டு மணி நேரத்தில் உளற ஆரம்பித்தது. என்னோடு இருந்த பையன் சென்சாரை மாற்றினான், வயரை மாற்றினான், உப்புக்காற்று என்றான். நான் ரேமைக் கூட்டிப் பார்த்தேன். திரையில் காட்டுகிற செய்திகளையெல்லாம் சாதாரணமாக எழுதியிருந்தோம், அந்தச் சிப்பில் அப்படி எழுதினால் அத்தனை வாக்கியமும் தொடங்கும்போதே ரேமில் நகலாகி உட்கார்ந்துவிடும். இடமே இல்லாமல், புரோகிராம் தன் தற்காலிகக் குறிப்புகளை வைக்கும் ஸ்டாக் கீழே இறங்கி மற்றதை மிதித்துக்கொண்டிருந்தது. வாக்கியங்களை ஃபிளாஷ் மெமரியிலேயே வைத்துப் படிக்கிற மாதிரி மாற்றினோம், சரியாகிவிட்டது. அந்தப் பையன் நன்றாகப் படித்தவன்தான், ஆனால் மெமரி தீர்ந்துபோகும் என்பதை அவன் வாழ்க்கையில் பார்த்ததே இல்லை.

எமுலேட்டர் போதாதா என்று கேட்பீர்கள். தொடங்குவதற்கு எமுலேட்டர்தான் நல்லது. ஓப்பன்எம்எஸ்எக்ஸ் இலவசம், அதன் டிபக்கரில் மெஷினை நடுவில் நிறுத்தி எந்த பைட்டில் என்ன இருக்கிறது என்று பார்க்கலாம், அசல் மெஷினில் அது முடியாது. அதோடு வரும் சி-பயாஸ் என்ற மாற்று ரோமில் பேசிக் கிடையாது, உங்களுக்கு 28815 காட்டியிருக்கிறது என்றால் அசல் ரோம் போட்டிருக்கிறீர்கள், உங்கள் மெஷினின் ரோமையே எடுத்துப் போட்டுக்கொண்டால் அரபி எழுத்தும் வரும். எழுதுவதும் திருத்துவதும் லேப்டாப்பில், கடைசியில் ஓட்டுவது வாப்பாவின் மெஷினில், இதுதான் என் முறை. வீட்டில் பழைய குண்டு டிவி யாரிடமாவது இருந்தால் இரும்புக்கடைக்குப் போவதற்கு முன்னால் வாங்கி வையுங்கள், மஞ்சள் ஏவி வயர் செருகும் துளை இருந்தால் போதும்.

மெஷினைத் துடைத்து முடித்து, முதல் தடவை சுவிட்ச் போடப் பயமாக இருந்தால் மண்டபத்துக்கு எடுத்து வாருங்கள், என்னிடம் மல்டிமீட்டரும் மெமரிச் சிப்பும் இருக்கின்றன, வாப்பாவையும் கூட்டி வாருங்கள், அந்தக் கேசட்டில் என்ன இருக்கிறது என்று அவருக்கு ஞாபகம் இருக்கும்.

ஒரு விஷயம் மட்டும் எனக்கு இன்னும் முடியவில்லை. 125 உருவங்களையும் வரைந்துவிட்டேன், ஆனால் ண எட்டு புள்ளிக்குள் அடங்க மறுக்கிறது. சுழியைச் சின்னதாக்கினால் ன மாதிரி ஆகிறது, பெரிதாக்கினால் பக்கத்து எழுத்தில் போய் ஒட்டுகிறது. கடைசியில் அதற்கு மட்டும் இரண்டு கட்டம் கொடுத்தேன், ‘கண்’ என்று எழுதினால் கடைசி எழுத்து அகலமாக விழுகிறது. ஒரே கட்டத்தில் உங்களுக்கு வந்துவிட்டால் அந்த எட்டு எண்களை எனக்கு அனுப்புங்கள்.